வீட்டுக்கு ஒரு கை

நான் இருக்கும் நாட்டில் வீதி மனிதரிடம் மன்னிப்புக் கேட்கும். பகிடி விடுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நோர்வேயில் ஒரு மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் குடியிருப்பு. அதற்கு ஒரே ஒரு வீதி. அதைப் பார்த்துக்கொள்வது அரசாங்கம் அல்ல, அதில் குடியிருக்கிற நாங்கள்தான். அதற்கென்று ஒரு சங்கம் உண்டு. 'வெய்லாக்' என்பார்கள், வீதிச் சங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பனி உருகத் தொடங்கியதும் வீதியில் குழி விழும். விழுந்த கையோடு எல்லோருடைய கைத்தொலைபேசிக்கும் ஒரு குறுஞ்செய்தி வரும். 'நாளை காலை வளைவுக்குப் பக்கத்தில் குழி நிரப்பப்படும். இடைஞ்சலுக்கு மன்னிக்கவும்.' நிரப்பி முடிந்ததும் இன்னொன்று வரும். மழையால் வேலை பிந்தினால் அதற்கும் ஒன்று வரும். வந்த புதிதில் இவற்றை மனைவிக்கு வாசித்துக் காட்டிச் சிரிப்பேன். எங்கள் ஊரில் குழி விழுந்தால் சைக்கிள்கள் அதைச் சுற்றிப் போய்ப் போய்ப் பக்கத்தில் இன்னொரு பாதை விழும், அவ்வளவுதான்.

இந்த வருடம், இரண்டாயிரத்து ஒன்பதில், சிரிக்க முடியவில்லை. தொலைபேசி சட்டைப்பையில் அதிரும்போதெல்லாம் நெஞ்சு ஒருமுறை நின்றுதான் திரும்ப அடிக்கிறது. என் அண்ணன் குடும்பத்தோடு, சண்டை நடக்கிற வன்னியில் இருக்கிறார். முல்லைத்தீவுக் கரைப்பக்கம் எங்கேயோ, சனத்தோடு சனமாக, ஒரு தறப்பாள் கூடாரத்துக்குக் கீழே இருக்கவேண்டும். தை மாதத்தில் ஒருமுறை பேசினார். இப்போது பங்குனி. இடையில் ஒரு கதையும் இல்லை. இதை வாசிக்கிற உங்களில் பலரும் இப்படித்தான் தொலைபேசியைக் குளியலறைக்குள்ளும் கொண்டுபோகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அதிர்கிறது, பதறிக்கொண்டு எடுக்கிறேன், குழி நிரப்பப்படும் என்று இருக்கிறது. மன்னிப்பு வேறு கேட்கிறது. எறிந்து உடைக்கலாம் போல ஆத்திரம் வரும். ஆனால் அதை எறிந்துவிட்டு நான் எங்கே போவது?

போன கிழமை சங்கத் தலைவர் குன்னார் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற பொறியியலாளர், பனங்காய் போலத் தலை, நல்ல மனிதர். "வியாழக்கிழமை பின்னேரம் கூட்டம். எங்கள் பகுதிக்கான திட்டத்துக்கு வாக்கெடுக்கிறோம். கடைசி வீடு வரைக்கும் தார் போடுவதா, பாதியோடு நிறுத்திவிட்டு மிச்சத்துக்குக் கல் கொட்டுவதா என்பதுதான் கேள்வி. இரண்டு பக்கமும் சரிசமமாக நிற்கிறது. கட்டாயம் வாருங்கள்," என்றார். பிறகு, "வீட்டுக்கு ஒரு வாக்கு. கையை உயர்த்தினால் போதும்," என்றார். நான் பேசாமல் நின்றதைப் பார்த்து, வெளிநாட்டுக்காரன் என்ற கூச்சத்தில் நிற்கிறேன் என்று நினைத்துவிட்டார். என் தோளைத் தொட்டு, "உங்கள் வீட்டுக்கும் கை உண்டு. இதில் எல்லோரும் சமம்," என்று அழுத்திச் சொன்னார். நான் நினைத்துக்கொண்டு நின்றது கூச்சத்தை அல்ல, இன்னொரு கூட்டத்தை.

அது சமாதானக் காலம். இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு இந்த நாட்டுக் கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். முள்ளியவளைக்குப் பக்கத்தில் வயல் சூழ்ந்த ஒரு சிறிய குறிச்சி எங்களுடையது. அங்கேயிருந்து பெருந்தெருவுக்குப் போக இரண்டு வழிகள். ஒன்று கோயில் றோட்டு. வளைந்து வளைந்து, அண்ணனின் மா அரைக்கிற ஆலையைத் தாண்டி, ஒரு பழைய மதகின் மேலால் போகும். மற்றது வயல் றோட்டு. நேராக வயலை வெட்டிக்கொண்டு போகும். மாரியில் முழங்கால் அளவு சேறு. அந்த றோட்டில் பாதித் தூரத்தில்தான் சலீம் நானாவின் காணி. தொண்ணூறாம் ஆண்டு வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேறச் சொன்னபோது அவர்களும் அந்தச் சேற்றில் நடந்து போய்ப் புத்தளத்தில் அகதியானவர்கள். சமாதானம் வந்ததும் சலீம் நானா இரண்டு மருமக்களோடு திரும்பி வந்து, கூரையில்லாத தன் வீட்டுச் சுவருக்குள் தறப்பாள் கட்டிக்கொண்டு இருந்தார். முந்தி ஊரின் நெல்லையெல்லாம் வாங்கி விற்றவர் அவர்தான்.

ஒரு தொண்டு நிறுவனம் ஏதாவது ஒரு றோட்டில் பரப்பக் கிரவல் மண் தர ஒப்புக்கொண்டது. ஒன்றுக்குத்தான். எதற்கு என்பதை ஊரே தீர்மானிக்க வேண்டும் என்று அவர்களுடைய உத்தியோகத்தர் சொல்லிவிட்டார். அண்ணன் கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவர். கோயில் றோட்டுத்தான் என்று அவர் மனதுக்குள் கிரவலைக் கொட்டிப் பரப்பியே விட்டிருந்தார். சலீம் நானாவும் மருமக்களுமாகத் திரும்பி வந்த மூன்று குடும்பங்களுக்கும் வாக்கு உண்டா என்று யாரோ கேட்டபோது, "அவையும் ஊராக்கள்தானே. மூண்டு கைதானே, குடுங்கோ," என்று பெருந்தன்மையாகச் சொன்னவரும் அவர்தான். வெல்வது நிச்சயம் என்கிற மனிதருக்குப் பெருந்தன்மை லேசாக வரும்.

கூட்டத்துக்கு முதல்நாள் சலீம் நானா என்னைத் தேடி வந்தார். தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் கதைத்தார்.

"தம்பி, நான் கேக்கிறது எனக்காக இல்ல. நான் சேத்துக்கையும் கிடப்பன். புத்தளத்தில இருக்கிற என்ர மனிசி வரமாட்டன் எண்டு நிக்கிறா. 'செருப்பையும் சேத்துக்க விட்டிட்டு அழுதுகொண்டு நடந்து போன றோட்டால நான் திரும்பி நடந்து வரமாட்டன். வாசலில வாகனம் வந்து நிண்டா வாறன்' எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறா. அவா வராட்டிப் பிள்ளையளும் வராதுகள். நானும் இந்த மாரியோட போகவேண்டியதுதான்."

"நான் என்ன செய்யலாம் நானா? எனக்கு வாக்கில்லையே," என்றேன்.

உண்மைதான். அண்ணனிடம் அதைக் கேட்டும் பார்த்திருந்தேன். நான் பிறந்த வீடு, அப்பா வெட்டிய கிணறு, எனக்கும் ஒரு கை வேண்டாமா என்றதற்கு அவர் சிரித்தார். "வீட்டுக்கு ஒரு கை. இந்த வீட்டுக் கை என்ர. நீ விடுமுறைக்கு வந்தனி. உனக்குக் கை இல்லாதபடியாத்தான் உன்னை எண்ணச் சொல்லிக் கேக்கிறம்." வெளியாள் என்பதால் நான் நடுநிலையாம். சொந்த ஊரில் அப்படி ஒரு மரியாதை கிடைத்தது. எனக்கு அது சுருக்கென்று குத்தியது.

கூட்டம் வாசிகசாலையில். முதலில் கோயில் றோட்டுக்குக் கை உயர்த்தச் சொன்னார்கள். அண்ணனின் கை உயர்ந்தது. எல்லோரும் அந்தக் கையைப் பார்த்தார்கள், பிறகு பக்கத்து வீட்டுக்காரரின் கையைப் பார்த்தார்கள், அதற்குப் பிறகுதான் தங்கள் கையை அசைத்தார்கள். வயல்பக்கம் காணி வைத்திருக்கிறவர்கள்கூட அரைக் கை, முக்கால் கை என்று தூக்கினார்கள். அறுவடை நெல்லை அந்த றோட்டால் கொண்டுவர அவர்கள் படுகிற பாடு எனக்குத் தெரியும். நான் எண்ணுவதை நிறுத்தினேன். வெளியாளுக்கு உள்ள துணிச்சலில், நோர்வேயில் தேர்தலுக்கு மறைப்புக்குப் பின்னால்தான் வாக்குப் போடுவார்கள், நாங்களும் அப்படிச் செய்வோம் என்றேன். "இதென்ன, ஒளிச்சுப்பிடிச்சு விளையாட்டோ?" என்றார் அண்ணன். ஆனால் உத்தியோகத்தருக்கு அது பிடித்துப்போனது. உள்ளறையில் இரண்டு மண்பானைகள் வைத்தோம். இடது பானை கோயில் றோட்டு, வலது பானை வயல் றோட்டு. வீட்டுக்கு ஒரு புளியங்கொட்டை. விழுகிற சத்தத்தில் எந்தப் பானை என்று வெளியே தெரிந்துவிடக் கூடாதென்று அடியில் பழஞ்சீலையும் போட்டேன். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

நடந்தது என்ன தெரியுமா? கொட்டையைப் போட்டுவிட்டு வெளியே வந்த முதல் ஆள் வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் கோயில் றோட்டுக்குத்தான் போட்டனான்," என்றார். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது ஆள் அண்ணனுக்கு முன்னால் போய் நின்று சொல்லிவிட்டுத்தான் இருந்தார். ரகசிய வாக்கு என்று நான் தொண்டை கிழியச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. சொல்லாமல் போனால்தானே சந்தேகம் வரும்? எங்கள் சனத்துக்கு மறைப்பு என்பது நின்று மூச்சு விடுகிற இடம் அல்ல. மறைப்புக்குப் பின்னால் போய் வந்தவர், உள்ளே என்ன செய்தேன் என்று கணக்குச் சொல்லியாக வேண்டும். யுத்தத்தின் அத்தனை வருடமும் அப்படித்தான் வாழ்ந்து பழகியிருந்தார்கள். சலீம் நானாவும் மருமக்களும் மட்டும் ஒன்றும் சொல்லாமல், நிலத்தைப் பார்த்தபடி வந்து பின்வரிசை வாங்கில் இருந்தார்கள். வாயால் சொன்னதை வைத்துப் பார்த்தால் கோயில் றோட்டு எப்போதோ வென்றுவிட்டது. அண்ணன் தேநீருக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

நான் உள்ளறைக்குப் போனேன். பானைகளுக்குள் குனிந்து பார்த்தேன். வயல் றோட்டின் வலது பானையில்தான் கொட்டை கூடுதலாக இருந்தது. அண்ணன் பின்னாலேயே வந்துவிட்டார். எட்டிப் பார்த்தார். வெளியே தேநீர்க் கோப்பைகள் முட்டுகிற சத்தம் கேட்டது.

"வெளியில சனம் சொன்னதைக் கேட்டனிதானே," என்றார் அண்ணன் மெதுவாக. "அதையே நீயும் சொல்லிவிடு."

"கொட்டை வேற சொல்லுது அண்ணை."

"நீ ஒரு மாசம் நிண்டிட்டுப் பிளேன் ஏறிப் போயிருவாய். நான் இவையோட இருக்கவேணும்."

"சலீம் நானாவும் இருக்கத்தான் பாக்கிறார்."

அப்பா இறந்த பிறகு என்னைப் படிப்பித்து, காணி ஈடு வைத்து வெளிநாட்டுக்கு அனுப்பியவர் அண்ணன். அவருக்கு எதிராக நான் அதுவரைக்கும் ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் பானைகளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து, எல்லோருக்கும் நடுவில் விரித்திருந்த பாயில் இரண்டையும் கவிழ்த்தேன். எண்ணிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. வயல் றோட்டுக் குவியல்தான் பெரிது என்று கண்ணே சொல்லியது.

வாய் திறவாத குடும்பங்கள் மூன்றுதான். அப்படியானால் கோயில் றோட்டு என்று சத்தம் போட்டுச் சொன்னவர்களில் எத்தனை பேர் பொய்? ஆளை ஆள் பார்த்தார்கள். அண்ணனை மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை. "வாய் கோயிலுக்கு, கை வயலுக்கு," என்று தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பாக்கியமக்கா சொல்லிவிட்டு, தன் வாயைத் தானே பொத்திக்கொண்டா. யாரும் சிரிக்கவில்லை. சலீம் நானா அழுதுகொண்டிருந்தார். அண்ணன் எழும்பி, "திரும்ப எண்ணு," என்றார். எண்ணினேன். "சரி, வயல் றோட்டு," என்று தானே அறிவித்துவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு என்னோடு பேச்சு இல்லை. ஒரே வீட்டில், ஒரே குசினியில் சாப்பிட்டுக்கொண்டு பேச்சு இல்லை. ஆனால் கிரவல் பரப்பச் சிரமதானத்துக்கு ஊர் கூடிய நாளில், விடியவே முதலில் வந்து நின்றது அண்ணனின் உழவு இயந்திரம். பெட்டி நிறையக் கிரவல். மண்வெட்டியோடு என் பக்கத்தில் வந்து நின்றவர், முகத்தைப் பாராமல் சொன்னார்:

"றோட்டு எங்கால போனாலும் எனக்குக் காரியமில்லை. ஆனா நீ செய்தது பிழை. கையை உயர்த்தியிருந்தா ஆர் ஆர் எண்டு தெரிஞ்சிருக்கும். நாலு நாள் கோவிச்சிருப்பன், பிறகு ஆறியிருப்பன். இப்ப ஆரைக் கண்டாலும், நீ எந்தப் பானை எண்டு மனசு கேக்குது."

நான் கிரவலைப் பரப்பிக்கொண்டே நின்றேன். இன்றைக்கும் நான் செய்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அவர் சொன்னதும் சரி என்று நினைக்கிறேன்.

நான் நோர்வேக்குத் திரும்பிய பிறகு, அந்த மாரியில் சலீம் நானாவின் மனைவி ஊருக்கு வந்து சேர்ந்தா. வாடகை வானில், வாசல் வரை. புதுச் செருப்பு போட்டுக்கொண்டு இறங்கினா என்று அண்ணி தொலைபேசியில் சொன்னா. கேட்டுவிட்டு நான் இங்கே பனி அள்ளிக்கொண்டு நின்ற இடத்தில் தனியாகச் சிரித்தேன். இரண்டாயிரத்து ஆறில் சண்டை திரும்பத் தொடங்கியதும் அவர்கள் மறுபடி புத்தளத்துக்குப் போய்விட்டார்கள். அதே றோட்டால்தான், இந்தமுறை வாகனத்தில். கிணற்றைப் பார்த்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனார்களாம்.

இனி குன்னார் சொன்ன வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறேன். போவதில்லை என்றுதான் இருந்தேன். மனைவிதான், "வீட்டில இருந்து தொலைபேசியைப் பாத்துக்கொண்டிருந்தா மட்டும் அடிக்குமே? போட்டு வாங்கோ," என்று தள்ளிவிட்டா. பாடசாலையின் சங்கீத அறையில் கூட்டம். மேசையில் கோப்பியும் வாஃபலும் இருந்தன. தார் வேண்டும் என்கிறவர்களும் கல் போதும் என்கிறவர்களும் எதிரெதிராக இருந்து, குரலை உயர்த்தாமல் சண்டை பிடித்தார்கள். "உன் காருக்காக என் பிள்ளைகள் விளையாடுகிற இடத்தில் தார் ஊற்றாதே," என்றா ஒரு பெண். "உன் பிள்ளைகள் வளர்ந்து கார் வாங்குவார்கள்," என்றார் அவவுக்கு வாஃபல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். கண்ணுக்குக் கண் பார்த்து எதிர்த்துவிட்டு ஒரே தட்டில் சாப்பிட இவர்களுக்கு முடிகிறது. அண்ணன் இதைப் பார்த்தால், இதைத்தான் நானும் சொன்னனான் என்பார். எனக்கு ஒரு பொறாமை வந்தது. கையை உயர்த்திவிட்டு வீட்டுக்குப் போனால் வீடு அங்கேயே இருக்கும் என்கிற நிச்சயம் இருந்தால், யாரும் தைரியமாகக் கை உயர்த்தலாம்.

அங்கே இருந்துகொண்டு தை மாதத்துத் தொலைபேசியைத்தான் நினைத்தேன். புதுக்குடியிருப்பில் எங்கேயோ வரிசையில் நின்று எடுத்திருந்தார் அண்ணன். இரைச்சலுக்கு மேலால் கத்தினார்.

"மார்கழி மழையோட ஊர் விட்டனாங்கள். நீ எண்ணின றோட்டாலதான் வந்தனாங்கள், கேக்குதோ? கோயில் றோட்டில மதகை வெள்ளம் கொண்டு போயிற்று. அந்தப் பக்கத்தால வெளிக்கிட்டிருந்தா உழவு இயந்திரத்தோட வெள்ளத்துக்கதான் நிண்டிருப்பம். பின்னால செல் குண்டு விழுந்துகொண்டு இருந்தது. கிரவல் தாங்கிச்சுது. ஊர்ச்சனம் முழுக்க அதாலதான் வந்தது. சலீம் நானாவின்ர கிணத்தடியில நிண்டு எல்லாரும் தண்ணி குடிச்சனாங்கள்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் விடவில்லை.

"ஆர் எந்தப் பானையில போட்டதெண்டு இனி நான் யோசிக்கிறேல்ல. நானும் வலது பானையில போட்டதெண்டே வைச்சுக்கொள்ளு."

அதோடு கட்டானது. பிறகு அந்தக் குரலை நான் கேட்கவில்லை.

"தார் கடைசி வீடு வரை வேண்டும் என்பவர்கள் கையை உயர்த்துங்கள்," என்றார் குன்னார். நான் உயர்த்தினேன். கடைசி வீட்டில் யார் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. யாராக இருந்தாலும் வாசல் வரைக்கும் வாகனம் போகட்டும். குன்னார் ஒவ்வொரு கையாகச் சுட்டி, அவசரமில்லாமல் எண்ணிக்கொண்டு வந்தார். அப்போது என் பையில் தொலைபேசி அதிர்ந்தது. வலது கையை இறக்கவும் தோன்றாமல் இடது கையால் பையைக் கிழிக்காத குறையாக அதை இழுத்தெடுத்தேன். 'நாளை காலை உங்கள் வீதியில் குழி நிரப்பப்படும். இடைஞ்சலுக்கு மன்னிக்கவும்.'

எழுத்துகளைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், அதற்குள் வேறு ஏதாவது இருக்குமோ என்று. என் தொலைபேசியை எட்டிப் பார்த்த குன்னாரின் குரல் பக்கத்தில் கேட்டது.

"வீதியைப் பற்றித்தானே கவலை?"

"ஓம், வீதியைப் பற்றித்தான்," என்றேன். நோர்வே மொழியில் சொல்ல வந்தது தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

"கோடைக்குள் எல்லாம் சரியாகிவிடும். உங்களை எண்ணியாகிவிட்டது, இனிக் கையை இறக்கலாம்."

சுற்றிப் பார்த்தேன். எல்லோரும் எப்போதோ இறக்கிவிட்டார்கள். இடது கையில் தொலைபேசியின் வெளிச்சம் அணைந்துகொண்டிருந்தது. என்னுடைய வலது கை மட்டும் அந்த அறையில் இன்னும் உயர்ந்தபடி நின்றது.